அன்புக்கு முந்திரிக்கொத்து, நம்பிக்கைக்கு ஓலைக்கொழுக்கட்டை, வீட்டுக்குத் தீயல்

தங்கச்சி மகளுக்கு வரும் தை மாதம் கல்யாணம். நிச்சயம் முடிந்த மறுநாள் போன் பண்ணி, "பெரியம்மை, கட்டிக்கிட்டுப் போற வீட்டுல சந்தோஷமா இருக்க என்ன செய்யணும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தது அடுக்களை. கன்னியாகுமரி மாவட்டம் இரணியலில் இந்த வீட்டு அடுக்களைக்குள் நான் வந்து 34 வருஷம் ஆகிறது. அதில் கற்றதை மூன்று பண்டமாக அவளுக்குச் சொன்னேன். கல்யாணத்துக்கு நிற்கிற மற்ற பிள்ளைகளுக்கும் ஆகட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அன்புக்கு. அதற்கு முந்திரிக்கொத்துதான். பெயரைப் பார்த்து அண்டிப்பருப்பு (மற்ற ஊர்களில் முந்திரிப்பருப்பு) வாங்கி வந்துவிடாதீர்கள், இதில் அது கிடையாது. எங்கள் பக்கம் முந்திரி என்றால் திராட்சை. மூன்று மூன்று உருண்டை ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்து போல இருப்பதால் இந்தப் பெயர்.

சிறுபயறு அரை கிலோ, கருப்பட்டி 400 கிராம், முற்றின தேங்காய் ஒன்று, எள் இரண்டு கரண்டி, கொஞ்சம் ஏலக்காயும் சுக்கும், மேல்மாவுக்குப் பச்சரிசி மாவு, மஞ்சள் தூள், உப்பு, பொரிக்கத் தேங்காய் எண்ணெய். இவற்றோடு இரண்டு ஆள். தனியாக ஒருத்தர் செய்யவே கூடாது.

கருப்பட்டியை உடைத்துப் பார்த்து வாங்குங்கள். உடைத்த இடம் பளபளவென்று மின்னினால் சீனி கலந்திருக்கிறது என்று என் மாமி, அதாவது மாமியார், சொல்வார்கள். மங்கலாக, பழுப்பாக இருப்பதுதான் நல்லது. பயற்றைச் சிறுதீயில் வாசனை வரும்வரை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். தேங்காய்த் துருவலை ஈரம் போகச் சிவக்க வறுக்க வேண்டும். ஈரம் நின்றால் இரண்டாம் நாளே ஊசிவிடும். எள்ளையும் வறுத்து எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கருப்பட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு உருக்கி, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே தொட்டு இழுத்தால் ஒரு நூல் நிற்க வேண்டும். அதுதான் பாகு.

இங்கேதான் இரண்டாவது ஆள் வேண்டும். பாகை ஊற்றிக் கிளறின உடனே, சூட்டோடு சூடாக உருட்ட வேண்டும். ஆறினால் உதிரும். கல்யாணமான முதல் வருஷம் நான் ஒற்றை ஆளாக உருட்டினேன். கால்வாசி உருட்டுவதற்குள் மிச்சம் கல்லாகிவிட்டது. கை வேறு சிவந்துவிட்டது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் இருந்த தன் மகனைக் கூப்பிட்டு, "ஏல, கையக் கழுவிட்டு வா" என்றார்கள், அவ்வளவுதான். அவர் என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாமி உதிர்ந்ததைத் திரும்பச் சூடு காட்டி ஒரு கரண்டி பாகு விட்டுப் பிசறித் தந்தார்கள். அவர் முதல் உருண்டையைப் பிடித்துவிட்டு 'ஸ்ஸ்' என்று கையை உதறினார். அப்புறம் உள்ளங்கையில் அரிசிமாவைத் தொட்டுக்கொண்டு பிடித்தார். என் கையிலும் கொஞ்சம் மாவு தூவினார். மாமிக்கு முன்னால் அவர் என் கையைத் தொட்டது அன்றைக்குத்தான். இன்றைக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து உருட்டுகிறோம்.

உருண்டைகளை ஒரு ராத்திரி காற்றாட விடுங்கள். மறுநாள் அரிசிமாவில் மஞ்சளும் உப்பும் சேர்த்து, தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, மும்மூன்றாக முக்கி எண்ணெயில் விடுங்கள். மாவு வெந்து மொறுமொறுப்பானதும் எடுத்துவிடலாம். உள்ளே ஏற்கனவே வறுத்ததுதானே. நன்றாக ஆறவிட்டு டப்பாவில் போட்டால் பத்து நாள் கெடாது.

அடுத்தது நம்பிக்கைக்கு. எங்கள் ஊரில் திருக்கார்த்திகை அன்று தெருவெல்லாம் பனையோலை வேகும் மணம். எங்களுக்கு ஓலை வருவது பக்கத்து வீட்டிலிருந்து. அவர்கள் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்குத் தவறாமல் போகிறவர்கள். கார்த்திகைக்கு முந்தின நாள் நான் கேட்காமலேயே குருத்தோலை வெட்டி மதில் மேல் வைத்துவிடுவார்கள். இந்த 34 வருஷத்தில் ஒரு தடவைகூட நான் ஓலைக்காக வேறு யாரிடமும் போய் நின்றதில்லை.

அரை கிலோ வறுத்த பச்சரிசி மாவு, 300 கிராம் கருப்பட்டி உருக்கி வடிகட்டியது, அரை மூடித் துருவல், ஏலக்காய். பிடித்தால் பிடி நிற்கிற பதத்தில் பிசைந்து, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கின ஓலைக்குள் வைத்து, இன்னொரு ஓலையால் மூடி, ஓலை நாராலேயே கட்டுங்கள். ஆவியில் 25 நிமிஷம். நடுவில் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. ஓலைக்குள் வெந்ததா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. மணம் வரும், அதை நம்ப வேண்டும். அந்த 25 நிமிஷம் நான் விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரி போடுகிற நேரம்.

வெந்ததும் முதல் பங்கு மதிலுக்கு அந்தப் பக்கம். அந்தப் பாத்திரம் கிறிஸ்துமஸுக்கு அச்சப்பத்தோடு (அச்சு முறுக்கு) திரும்பி வரும். நம் வீட்டுக்கு வந்த பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒன்றும் இல்லாவிட்டால் எங்கள் ஊர்ச் சின்ன வாழைப்பழமான மட்டிப்பழம் நாலு போதும்.

மூன்றாவது வீட்டுக்கு. உள்ளித் தீயல், அதாவது தேங்காயை வறுத்தரைத்து வைக்கிற சின்ன வெங்காயப் புளிக்குழம்பு. ஒரு மூடித் தேங்காய்த் துருவல் (எங்கள் மாவட்டத்து ஈத்தாமொழித் தேங்காய் கிடைத்தால் விடாதீர்கள்), ஆறு மிளகாய் வத்தல், இரண்டு கரண்டி மல்லி, அரைக் கரண்டி நல்லமிளகு (கருமிளகு), கறிவேப்பிலை. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயில், சிறுதீயில், காப்பிப்பொடி நிறம் வரும்வரை வறுக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கையை எடுக்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது. அரை நிமிஷம் திரும்பினால் அடி கரிந்து குழம்பு முழுக்கக் கசக்கும். வீட்டில் யாருக்காவது ஏதாவது பேச வேண்டும் என்றால் இந்த நேரத்தில்தான் பக்கத்தில் வந்து நிற்பார்கள். நம்மால் எழுந்து போக முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். என் மகன் வெளிநாட்டு வேலை வேண்டாம் என்று முதலில் சொன்னது தீயலுக்கு வறுக்கும்போதுதான். கரண்டியை நிறுத்தாமல் கேட்டேன்.

வறுத்ததை ஆறவிட்டு, முதலில் தண்ணீர் விடாமல் எண்ணெய் கசியும்வரை அரையுங்கள். கால் கிலோ சின்ன உள்ளியை மண்சட்டியில் வதக்கி, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, மஞ்சள், உப்பு போட்டுக் கொதித்ததும் அரைத்ததைச் சேருங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் இறக்கலாம். கொஞ்சம் மிச்சம் வையுங்கள். மறுநாள் தண்ணீர் விடாமல் சுண்ட வைத்தால் பழங்கஞ்சிக்கு அதைவிட வேறு வேண்டாம்.

சட்டியில் ஒட்டியிருப்பதைக் கழுவிவிடாதீர்கள். அதில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, ஆளுக்கொரு உருண்டை பிடித்துக் கொடுங்கள். கடைசி உருண்டை, அன்றைக்கு யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறாரோ அவருக்கு. எதுவும் பேச வேண்டாம், கையை நீட்டினால் போதும்.