எல்லாப் ‘பிரபு’வும் ஒன்றா? பிரிட்டிஷ் பட்டங்களைப் பிரித்தறியும் வழி

ரிப்பன் பிரபு, கர்சன் பிரபு, பெண்டிங்க் பிரபு. மூவருக்கும் ஒரே அந்தஸ்து என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பார்த்தால், ரிப்பன் ஒரு மார்க்வெஸ். கர்சன் வைஸ்ராயாக வந்தபோது பாரன். பெண்டிங்க் சட்டப்படி பிரபுவே இல்லை!

படி 1: வரிசையை மனப்பாடம் செய்துவிடுங்கள். மேலிருந்து கீழே டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். (‘பேரன்’ என்று எழுதினால் தாத்தாவைத் தேட வேண்டிவரும்.) வரிசை மறந்தால் ஆர்தர் வெல்லெஸ்லியை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவுக்கு எதிராகப் போரிட்ட அதே ஆள்தான். 1809இல் ஸ்பெயினின் தலவெராவில் நடந்த போரில் பெற்ற வெற்றிக்காகப் பாரன், வைகவுண்ட் இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. 1812இல் ஏர்ல், அந்த ஆண்டு முடிவதற்குள் மார்க்வெஸ். 1814இல் வெலிங்டன் டியூக். ஐந்து வருடத்தில் ஏணி முழுக்க ஏறிவிட்டார்.

படி 2: டியூக்கைத் தனியே வையுங்கள். அவரை ‘யுவர் கிரேஸ்’ என்பார்கள். மற்ற நால்வரும் பேச்சில் வெறும் ‘லார்ட்’தான். தமிழில் எல்லாரும் ‘பிரபு’ ஆனது இதனால்தான்.

படி 3: ‘லார்ட்’டுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். குழப்பமே இங்கேதான். ‘லார்ட் கர்சன்’ போலப் பட்டப்பெயர் வந்தால், பெரும்பாலும் அவரே பட்டத்துக்கு உரியவர். ‘லார்ட் வில்லியம் பெண்டிங்க்’ என்று சொந்தப் பெயர் வந்தால், அவர் ஒரு டியூக்கின் அல்லது மார்க்வெஸின் இளைய மகன். பெண்டிங்க் போர்ட்லண்ட் டியூக்கின் இரண்டாவது மகன். அந்த ‘லார்ட்’ வெறும் மரியாதைக்கு. மூத்த மகன் என்றால் அப்பாவின் இன்னொரு பட்டத்தைப் போட்டுக்கொள்வார். மகள்கள் ‘லேடி’, இதில் ஏர்லின் மகள்களும் சேர்த்தி. 1975இல் தாத்தா இறந்து அப்பா ஏர்ல் ஸ்பென்சர் ஆன பிறகுதான் டயானா ‘லேடி டயானா’ ஆனார்.

படி 4: ‘சர்’ என்று வந்தால் பிரபுக்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் நைட்டாகவோ பாரனெட்டாகவோ இருப்பார். நைட் பட்டம் ஆளோடு போய்விடும், பாரனெட் பட்டம் வாரிசுக்குப் போகும். அப்புறம், ‘சர்’ ஒட்டுவது சொந்தப் பெயரோடுதான். ‘சர் தாமஸ் மன்றோ’ சரி, ‘சர் தாமஸ்’ என்றாலும் சரி. ‘சர் மன்றோ’ தப்பு.