கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்ற மானிட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடைக்குள் நுழைந்து "27 இன்ச்சில் நல்லதாக ஒன்று காட்டுங்கள்" என்று கேட்பதற்கு முன், உங்கள் கணினியில் எந்தக் கிராபிக்ஸ் கார்டு உள்ளது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் ஜிபியு என்பதைச் சொடுக்கினால் கார்டின் பெயர் தெரியும்.

அடுத்தது ரெசல்யூஷன், அதாவது திரையில் எத்தனை பிக்சல்கள் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள்) உள்ளன என்பது. பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். 1920 x 1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்களும், 2560 x 1440 திரையில் 36.9 லட்சமும், 4கே எனப்படும் 3840 x 2160 திரையில் 82.9 லட்சமும் உள்ளன. விளையாட்டின் ஒவ்வொரு காட்சிச் சட்டத்திலும் இத்தனை பிக்சல்களையும் கார்டுதான் தீட்டியாக வேண்டும் என்பதால், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 போன்ற தொடக்கநிலைக் கார்டுடன் 4கே திரையை இணைத்தால் படம் திக்கித் திக்கித்தான் நகரும். அந்தக் கார்டுக்கு 1080 (அதாவது 1920 x 1080) திரை போதும். ஆர்டிஎக்ஸ் 4060 இருந்தால் 1080-இல் தாராளமாகவும், விளையாட்டின் அமைப்புகளைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் 1440-இலும் விளையாடலாம். விளையாட்டே இல்லை, எழுத்து வேலையும் கணக்கு வேலையும்தான் என்பவர்கள் இந்தக் கவலையை விட்டுவிடலாம்.

அளவைப் பொறுத்தவரை, 1080-க்கு 24 இன்ச்சும் 1440-க்கு 27 இன்ச்சும் பொருந்தும். 27 இன்ச் திரையில் 1080 என்றால் ஒரு இன்ச்சுக்கு 82 பிக்சல்கள் மட்டுமே கிடைப்பதால், அருகில் அமர்ந்து படிக்கும்போது எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும்.

மூன்றாவதாக ரெஃப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது. இதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். கார்டு நொடிக்கு 70 சட்டங்களைத்தான் தருகிறதென்றால், 240 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தால் பெரிய பயனில்லை. அதை ஐபிஎஸ் என்னும் வகைத் திரைக்குச் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் அதில் நிறம் அதிகம் மாறாது. ஃப்ரீசிங்க் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கார்டு தரும் வேகத்துக்கேற்பத் திரை தன்னை மாற்றிக்கொள்வதால், படம் குறுக்கே கிழிந்தாற்போல் தெரிவது நிற்கும்.

கடையில் மானிட்டரை இயக்கிக் காட்டச் சொல்லி, முழுக் கறுப்பு, முழு வெள்ளைப் படங்களைத் திரை நிறைய வைத்துப் பாருங்கள். கறுப்பில் ஒளிரும் புள்ளியும் வெள்ளையில் இருண்ட புள்ளியும் பழுதான பிக்சல்கள். புள்ளி இருந்தால் மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் கேபிளை மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகை) அல்லாமல், அதற்குக் கீழே உள்ள கிராபிக்ஸ் கார்டின் துளையில் செருக வேண்டும். டிஸ்பிளேபோர்ட் என்னும் இணைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 இணைப்பு வழியாக 1440 திரைக்கு 144 ஹெர்ட்ஸ் கிடைக்காது. பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று சென்று ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் திரையாகவே இருந்தாலும் அங்கே 60 என்று இருக்கக்கூடும். அதை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.