பஞ்சாயத்துத் தலைவருக்கு நிற்கிறீர்களா? யாரிடம் காசு வாங்கலாம், எப்படி வாங்கலாம்

ஊராட்சித் தலைவருக்கு நிற்பது என்று முடிவானதும் எல்லோரும் முதலில் யோசிப்பது சின்னம், அப்புறம் நோட்டீஸ், அப்புறம் மைக் செட். காசு எங்கிருந்து வரும் என்ற பேச்சு கடைசியில்தான் வரும், அதற்குள் யாராவது ஒருவர் "நீ நில்லு தம்பி, செலவை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லியிருப்பார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் எவ்வளவு தேவை என்று பாருங்கள். 2019 தேர்தலுக்குத் தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த செலவு உச்சவரம்பு ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000, ஒன்றியக் கவுன்சிலருக்கு 85,000, மாவட்டக் கவுன்சிலருக்கு 1,70,000. அடுத்த தேர்தலுக்கு இது மாறலாம், அறிவிப்பு வந்ததும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். "34,000-ல யாருய்யா எலெக்‌ஷன் பாக்குறது" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். தலைவர் பதவியையே லட்சக்கணக்கில் ஏலம் விட்டதாகச் செய்தி வந்த ஊர்கள் உண்டு, ஆணையமே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 34,000 என்பது 170 வீட்டில் வீட்டுக்கு 200 ரூபாய். நோட்டீஸ், ஆட்டோ, மைக், டீ, வடை எல்லாம் அதற்குள் அடங்கும். அதற்கு மேலே போகிற காசு பெரும்பாலும் கவருக்கும் குவார்ட்டருக்கும்தான் போகிறது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 173-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். அந்த வேலையே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டால் பெரிய கையைத் தேடிப் போகும் அவசியம் பாதி போய்விடும்.

அடுத்து, யாரிடம் வாங்க மாட்டோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இதைத்தான் நிறையப் பேர் தள்ளிப்போடுகிறார்கள். ஊராட்சி வேலையை டெண்டர் எடுக்கிற காண்ட்ராக்டர், ஊர் எல்லையில் பிளாட் போட்டுக்கொண்டிருப்பவர், குவாரிக்காரர், மணல் லாரிக்காரர். இவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. நாளைக்கு நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய தாள் அவர்களுடையதாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு வகை ஆட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை: உங்களிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாதவர்கள். டேங்க் ஆபரேட்டர், தூய்மைப் பணியாளர், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர், உங்கள் வயலில் கூலிக்கு வருகிறவர். நீங்கள் ஜெயித்துவிட்டால் என்னாகுமோ என்ற பயத்தில் அவர் நீட்டும் நூறு ரூபாயை நன்கொடை என்று சொல்வது பொய். அரசு ஊழியர்களிடம் கேட்கவே கேட்காதீர்கள், அவர்களுடைய நடத்தை விதியே தேர்தல் வேலையில் தலையிடுவதைத் தடுக்கிறது. அதேபோல, திருவிழாவுக்கு வசூலிப்பதுபோல் தலைக்கட்டு வரி போட்டுப் பிரிக்கக் கூடாது, கோயில் பணத்தையும் தொடக் கூடாது. ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் "நம்ம ஆளு நிக்கிறான், தலைக்கட்டுக்கு ஐநூறு" என்று முடிவு செய்தால், எதிர் வேட்பாளருக்கு ஓட்டுப் போட நினைப்பவரும் கட்டித்தான் ஆக வேண்டும். ஜாதிச் சங்கம் பிரித்துக் கொடுத்தாலும் இதே கதைதான்.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம் தேவை. துபாயில் வேலை பார்க்கிற, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற நண்பர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் வேட்பாளர்கள் அதை வாங்கக் கூடாது என்கிறது, பஞ்சாயத்துத் தேர்தலும் அதில் அடக்கம். சொந்தக்காரர் என்றால் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனாலும் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வாங்கும் முறை சிக்கலானதில்லை. தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, ஜிபேயை அதோடு இணையுங்கள். உங்கள் வீட்டுச் செலவு அதில் கலக்கவே கூடாது. ரொக்கமாக வந்தால் ரசீது கிழித்துக் கொடுங்கள், பெயர், தேதி, தொகை மூன்றும் இருக்கட்டும். நோட்டு எழுதுவது நமக்குப் புதிதில்லை, மொய் நோட்டு எழுதாத வீடு ஏது? ஆனால் மொய் திரும்பச் செய்ய வேண்டிய பணம், இது அப்படி ஆகக் கூடாது. அதனால் வாங்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, இதுக்குப் பதிலா என்னால எதுவும் செஞ்சு தர முடியாது, பரவாயில்லையா?" சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் நீட்டிய கையை மடக்கிக்கொள்வார்கள். போகட்டும். இப்போதே தெரிந்தது நல்லதுதான்.

மைக் செட்டை ஒருவர் சும்மா தருகிறார், இன்னொருவர் வண்டி விடுகிறார் என்றால் அதையும் வாடகை விலை போட்டு நோட்டில் ஏற்றுங்கள். ஆர்வக்கோளாறில் உங்களைக் கேட்காமலே பேனர் அடிக்கிற தம்பிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவருக்காகத் தேர்தல் செலவு செய்வது அதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-ஆவது பிரிவின்படி குற்றம், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. விதிவிலக்கு எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய்! அதற்கும் பத்து நாளுக்குள் எழுத்தில் ஒப்புதல் வாங்கியாக வேண்டும்.

யார் எவ்வளவு கொடுத்தார் என்று வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் பட்டியல் போடுவது வெளிப்படைத்தன்மை மாதிரித் தெரியும், நடப்பது வேறு. கொடுக்காதவருக்குச் சங்கடம், கொடுத்த கூலித் தொழிலாளிக்கு எதிர்த்தரப்பிடம் வம்பு. மொத்த வரவையும் செலவையும் வாரம் ஒருமுறை போடுங்கள். பெயரோடு சொல்வதென்றால் ஒரு வரம்பு வையுங்கள், இரண்டாயிரத்துக்கு மேல் கொடுப்பவர் பெயர் பொதுவில் வரும் என்று வாங்கும்போதே தெரிவித்துவிடுங்கள்.

வேட்புமனுவை வாபஸ் வாங்கினால் பணம் திரும்பப் போகுமா, மிச்சமானால் என்ன செய்வீர்கள் என்பதையும் ரசீதின் பின்பக்கத்திலேயே அச்சடித்துவிடலாம். முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும், தோற்றவரும்தான். தோற்ற சோர்வில் விட்டுவிடுபவர்கள் நிறைய, கணக்குக் காட்டாதவர்களுக்கு மூன்று ஆண்டு போட்டியிடத் தடை வரும். பில்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு அசலைக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டில் தேதியோடு அலுவலக முத்திரை விழாமல் அங்கிருந்து நகராதீர்கள்.