சீன டெக்னீஷியனுக்கு ஆங்கில 'ரன்' (run) சொல்லிக்கொடுக்க

திருப்பூர் நிட்டிங் ஷெட்டில் நமக்கு ஆளும் ஓடுவான், மெஷினும் ஓடும், கம்பெனியும் ஓடும். சீன மொழியில் 'பாவ்' என்றால் காலால் ஓடுவது; மெஷின் 'ஜுவான்', அதாவது சுற்றும். அதனால் 'மெஷின் ரன்னிங்' என்பதை ஓடும் மெஷின் பக்கத்தில் நின்றே சொல்லுங்கள்.

சிக்கல் சாயத்தில்தான். 'கலர் ரன்ஸ்' என்றால் சாயம் இறங்குது. அவர்கள் பேச்சில் 'தியாவ் ஸே', நிறம் உதிர்கிறது. சாயம் நிற்காத சிவப்பு பனியன் துணி மேல் ஈர வெள்ளைத் துணியை 10 தடவை அழுத்தித் தேய்த்து, ஒட்டிய சிவப்பைக் காட்டுங்கள், விளக்கமே வேண்டாம்.

நூல் தீர்ந்தால் 'வீ ரன் அவுட் யார்ன்' என்று எழுதுவார்கள். 'அவுட்'டுக்கும் 'யார்ன்'னுக்கும் நடுவில் 'ஆஃப்' (of) வேண்டும். சீன வினைச்சொல் காலத்துக்கு மாறாது. அதனால் நேற்று நடந்ததற்கும் 'ரன்' என்றே எழுதினால், 'ரேன்' (ran) என்று ஒவ்வொரு முறையும் திருத்துங்கள்.