வன்தட்டைப் பிரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடிக் காற்று வீசும் நாட்களில், உதகையைச் சுற்றியுள்ள ஊர்களில் கற்பூர மரம் ஒன்று மின்கம்பியின் மேல் சாய்ந்துவிட்டால், மின்சாரம் திரும்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியொரு பிற்பகலில், மஞ்சூர்ப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவரின் மகள், வீட்டுக் கணினியின் சி டிரைவில் இடம் தீர்ந்து சிவப்புக் கோடு வந்துவிட்டதால், பாதி காலியாக இருந்த டி டிரைவிலிருந்து 60 ஜிபியை எடுத்துக் கொடுக்க எண்ணி, இலவச மென்பொருள் ஒன்றில் இரண்டுக்கும் நடுவிலிருந்த கோட்டை மவுஸால் இழுத்துச் ‘சரி’ என்று அழுத்தியிருக்கிறார். வேலை பாதியைத் தாண்டுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. மறுநாள் என் கடைக்கு வந்த அந்தக் கணினியில், டி டிரைவ் இருந்த இடத்தில் ‘ரா’ என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது. உள்ளே இருப்பது என்ன வகைக் கோப்பு முறைமை என்று விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லை என்பது அதன் பொருள். ஆறு ஆண்டு இலைக் கணக்கும் குடும்பப் படங்களும் அதற்குள் இருந்தன. “கோட்டைத்தானே அண்ணா நகர்த்தினேன்” என்றார். நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த நினைப்பிலிருந்தே பிறக்கின்றன.

வன்தட்டில் கோடு என்று எதுவும் இல்லை. சி, டி என்பவை ஒரே தட்டின் பிரிவுகள்; இந்தப் பிரிவு இந்த இடத்தில் தொடங்கி இந்த இடத்தில் முடிகிறது என்று எழுதி வைத்த பதிவேடு ஒன்றுதான் இருக்கிறது. 1983-இல் பிசி டாஸ் 2.0 என்ற பழைய இயங்குதளத்துடன் வந்த எம்பிஆர் என்ற பதிவேட்டு முறையில், தட்டின் முதல் 512 பைட்டுக்குள் 64 பைட் மட்டுமே இந்தப் பதிவேட்டுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு பிரிவுக்கு 16 பைட் வீதம் நான்கு பிரிவுகளை மட்டுமே அதில் நேரடியாக எழுத முடியும். இன்றைய கணினிகளில் உள்ள ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பிரிவுகள் வரை எழுதலாம். பதிவேட்டின் பிரதி ஒன்று தட்டின் கடைசியிலும் இருக்கும். பதிவேட்டில் ஒரு வரியை அடிப்பது பட்டாவில் பெயரை அடிப்பதைப் போன்றது. தோட்டம் அங்கேயேதான் இருக்கும், வரியை மறுபடி சரியாக எழுதினால் பிரிவு திரும்பி வந்துவிடும். ஆனால் பிரிவின் தொடக்கத்தை நகர்த்துவது, தோட்டத்துச் செடி அத்தனையையும் வேரோடு பிடுங்கி அடுத்த பாத்தியில் நடுவதற்குச் சமம்.

அந்தப் பெண் செய்தது இரண்டாவது வேலை. டி-யைச் சுருக்கினால் காலியிடம் அதன் வலது ஓரத்தில்தான் கிடைக்கும். சி-யோ இடப்பக்கம் இருக்கிறது. காலியிடத்தைச் சி-க்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டுமானால், டி-யில் உள்ள தகவல் முழுவதையும் வலப்பக்கம் நகர்த்தி எழுதியாக வேண்டும். இருநூறு முந்நூறு ஜிபி என்றால் சுழலும் வன்தட்டில் அது மணிக்கணக்கில் நடக்கும். இடையில் நின்றால், பின்பகுதி புதிய இடத்திலும் முன்பகுதி பழைய இடத்திலுமாகக் கிடக்கும். எந்தப் பதிவேடும் அதைச் சேர்த்துக் காட்டாது. விண்டோஸுடன் வரும் டிஸ்க் மேனேஜ்மென்ட் ஒரு பிரிவின் தொடக்கத்தை நகர்த்தவே நகர்த்தாது. வலப்பக்கம் ஒட்டினாற்போல் காலியிடம் இல்லாவிட்டால், விரிவாக்கும் கட்டளை மங்கலாகவே நிற்கும். அதைக் குறையென்று எண்ணி வேறு மென்பொருளைத் தேடிப் போவதற்கு முன், அது ஏன் மங்கலாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். யுபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். வீட்டு யுபிஎஸ் பெரும்பாலும் கணினியை ஒழுங்காக அணைத்துவிட நேரம் தருமே தவிர, மூன்று மணி நேர வேலையைத் தாங்காது.

இதைவிட நல்ல வழி இருக்கிறது. டி-யில் உள்ளவற்றை வெளித்தட்டு ஒன்றில் நகலெடுத்து, நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்தபின், டி-யை நீக்கி, சி-யை விரித்து, மீதியில் புது டி-யை உருவாக்கிக் கோப்புகளைத் திரும்ப எழுதலாம். ஆகும் நேரம் ஏறக்குறைய அதேதான்; ஆனால் எந்த நொடியில் மின்சாரம் போனாலும் முழுப் பிரதி ஒன்று கையில் இருக்கும். பல நேரம் இதுவும் தேவையில்லை. டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய கோப்புறைகளின் இருப்பிடத்தை அவற்றின் பண்புகளுக்குள் போய் டி-க்கு மாற்றிவிட்டாலே, பிரிவுகளைத் தொடாமல் சி-யில் இடம் கிடைத்துவிடும். நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்த தவறு, தட்டை மாற்றித் தேர்ந்தெடுப்பது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து தட்டைப் பிரிக்கும் விண்டோஸ் கருவியான டிஸ்க்பார்ட்டில் தட்டுகளுக்கு எண்தான் உண்டு. ‘கிளீன்’ கட்டளையோ மறுபடி கேட்காமல் பதிவேட்டை அழித்துவிடும். ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகள் இணைந்திருந்த கணினியில் எண்ணை மாற்றி அடித்து நானே ஒரு முறை தவறியிருக்கிறேன். அதன் பிறகு, வேலைக்கு வேண்டாத தட்டின் கம்பியைக் கழற்றாமல் தொடங்குவதில்லை. 1 டிபி என்று வாங்கிய தட்டு விண்டோஸில் 931 ஜிபி என்று தெரியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், அளவைப் பார்த்துக் குழம்ப வேண்டியிருக்காது.

தவறி அழித்தபின் செய்யும் தவறு அதைவிடப் பெரிது. ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். பதற்றத்தில் பலர் ஆம் என்று அழுத்திவிடுகிறார்கள். அழுத்தக் கூடாது, அந்தத் தட்டில் ஒரு எழுத்தும் எழுதக் கூடாது. எதுவும் எழுதப்படாத சுழலும் தட்டில், தொலைந்த பிரிவின் எல்லைகளை டெஸ்ட்டிஸ்க் போன்ற மென்பொருள் பெரும்பாலும் தேடிக் கண்டுபிடித்துவிடும். சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி வகைத் தட்டில் ஃபார்மட் செய்தால், டிரிம் என்ற கட்டளை மூலம் பழைய தகவல் தேவையில்லை என்று தட்டுக்கே தெரிவிக்கப்பட்டுவிடுவதால், அதன் பின் மீட்பது மிகவும் அரிது.

பெயரில்லாத சிறு பிரிவுகளை வீண் என்று நீக்குவோரும் உண்டு. 100 எம்பி அளவில் இருக்கும் இஎஃப்ஐ பிரிவில்தான் விண்டோஸைத் தொடங்கும் நிரல் இருக்கிறது. அதை நீக்கினால் கணினி எழும்பாது. கடைசியில் இருப்பது மீட்புப் பிரிவு. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, அந்தப் பிரிவில் போதிய இடமில்லாத கணினிகளில் ஏறாமல் நின்றது. அதை 250 எம்பி பெரிதாக்கும்படி மைக்ரோசாஃப்ட் வழிகாட்டியது. மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல.

2 டிபி-க்கு மேற்பட்ட தட்டை எம்பிஆர் முறையில் தொடங்கினால் மீதி இடம் பயன்படாமல் போகும், ஜிபிடி-யைத் தேர்ந்தெடுங்கள்.

சி-யில் உள்ளதை டி-யில் நகலெடுத்துவிட்டுப் பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்புவது, எங்கள் மலையில் தோட்ட அலுவலகங்களிலும் கடைகளிலும் நான் அதிகம் காணும் பழக்கம். இரண்டும் ஒரே தட்டு. தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

மஞ்சூர்ப் பெண்ணின் தட்டை முதலில் அப்படியே வேறொரு தட்டில் பிரதியெடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் நான்கு நாள் தேடினேன். படங்களில் பெரும்பகுதி பெயரில்லாமல், வெறும் எண்களோடு கிடைத்தது. இலைக் கணக்கில் மூன்று ஆண்டுக் கோப்புகள் திறந்தன. மீதி மூன்று ஆண்டுகளை, அவருடைய அப்பா பெட்டியில் கட்டி வைத்திருந்த தொழிற்சாலைச் சீட்டுகளைப் பார்த்து, மாலை நேரங்களில் மறுபடியும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.