நமீபியா போகுமுன் தேரிக்காட்டில் ஒரு சாயங்காலம்

நமீபியா மணல்மேடுகளைப் படமெடுக்கக் கார் பயணம் போட்டிருந்தால், கிளம்புமுன் முழு கேமரா பையோடு திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரிக்கு (செம்மணல் மேட்டுக் காடு) ஒத்திகையாக ஒரு எட்டு போய் வாருங்கள். ஆனி, ஆடிக் காற்றில் போனால்தான் பலன்.

ரெண்டு இடத்திலும் வில்லன் பறக்கும் மணல்தான். வெட்டவெளியில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் தூசி. ஜூம் வளையத்தில் புகுந்தால் நறநறவென்று அரைக்கும். ஒரே லென்ஸை மாட்டி, கழற்றாமல் 2 மணி நேரம் எடுத்துப் பாருங்கள். மறுநாள் இன்னொன்று. தேவைப்படாத லென்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும்; பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான். (மாற்றியே ஆகணும் என்றால் காருக்குள், கண்ணாடியை ஏற்றி, ஏசியை அணைத்து, கேமரா வாய் கீழே பார்க்க.) முக்காலியில் காலின் கடைசித் துண்டை முதலில் நீட்டுங்கள், அதன் பூட்டு மணலுக்கு மேலே நிற்கும்.

ஐப்பசி மழைக்குப் பின் தேரி மணல் படிந்துவிடும், போய்ப் புண்ணியமில்லை. ஐஸ்லாந்து மாதிரி குளிர் நாட்டுக்கும் இந்த ஒத்திகை ஆகாது. அங்கே பேட்டரி சீக்கிரம் இறங்கும். அறைக்குள் நுழையுமுன் கேமராவை ஜிப் கவரில் மூடாவிட்டால் லென்ஸில் நீர் கோக்கும்.