ஆற்று இடுக்கில் இறங்கும் முன்பே ஏறும் வழியைப் பாருங்கள்

மலை ஏறக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்றுதான். ஆற்று இடுக்குக்குள் நடக்கப் போகிறவர் கேட்க வேண்டியது வேறு: உள்ளே போனபின் எங்கெங்கே கரையேறி வெளியே வரலாம்? மலையில் முடியவில்லை என்றால் வந்த வழியே இறங்கிவிடலாம். இடுக்கில் இரண்டு பக்கமும் பாறைச்சுவர், நீங்கள் நிற்கும் இடமே ஆறு போகும் வழி. அது வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும், அது ஒதுங்காது.

நான் தர்மபுரிக்காரன், வேலை ஓசூரில். பல வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று பேராகக் கிளம்பி அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் சுற்றுவது வழக்கம். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. ஒகேனக்கல்லைச் சுற்றியுள்ள காவிரிக்கரைக் காடு பெரும்பாலும் காப்புக்காடு, அதோடு சரணாலயமும்கூட. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது, காவிரி தெற்கு 2022-ல் வந்தது. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்தால் வனச் சட்டப்படி குற்றம், ‘சும்மா போட்டோ எடுக்க வந்தோம்’ என்பதெல்லாம் எடுபடாது. 2018-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் பலர் காட்டுத்தீயில் இறந்ததற்கு அப்புறம் மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோடு கூட்டிப் போகிறது. அதில் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். இரண்டும் அமையவில்லையா, ஒகேனக்கல்லில் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பரிசலில் ஒரு சுற்று வாருங்கள். செங்குத்துச் சுவர்களுக்கு அடியில், தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் இடுக்கு என்றால் என்ன என்பது அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். பரிசல்காரர் வேடிக்கைக்காகச் சுற்றிவிடும்போது மட்டும் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். இங்கே இரண்டு விதமான ஆறு இருக்கிறது, இரண்டும் இரண்டு குணம். காவிரி ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் கர்நாடகத்தில் கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்தத் தண்ணீர் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டு ‘ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து இவ்வளவு கனஅடி’ என்று செய்தியில் வருகிறது. அந்த எண்ணைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு கனஅடி என்பது நொடிக்குச் சுமார் 28 லிட்டர். பத்தாயிரம் கனஅடி என்றால் நொடிக்கு இரண்டே முக்கால் லட்சம் லிட்டருக்கு மேல் அந்தப் பாறைச் சந்துக்குள் நுழைகிறது. லட்சம் கனஅடியைத் தாண்டிய வருடங்களும் உண்டு. எண்ணைவிட முக்கியம் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது. நேற்று எட்டாயிரம், இன்று பன்னிரண்டாயிரம் என்றால் வீட்டிலேயே இருங்கள்.

இன்னொரு விதம் காட்டாறு. சின்னாறு, தொட்டல்லா மாதிரி. வருடத்தில் பாதி நாள் வெறும் மணலும் உருண்டைக் கல்லுமாகக் கிடக்கும். இவற்றுக்கு அணை அறிவிப்பு, செய்தி எதுவும் கிடையாது. தளி, அஞ்செட்டி மலைப்பக்கம் மாலையில் மழை கொட்டினால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வரும். எனக்கு இது காதால் கேட்ட சங்கதி இல்லை. ஒரு அக்டோபர் மதியம், காய்ந்த ஓடைப் படுகையில் ஒரு பெரிய பாறை நிழலில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்திருந்தோம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. மேலே ஆடு ஓட்டிக்கொண்டு போன பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “ஏப்பா, சோத்த மேல வந்து தின்னுங்க, மலையில கருக்கலா இருந்துச்சு” என்றார். அவர் சொன்ன தொனியில் பயமே இல்லை, அதனால் நாங்களும் நிதானமாகத்தான் எழுந்தோம். கரைமேல் ஏறிச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது சலசல என்று காய்ந்த இலையை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். முதலில் வந்தது தண்ணீரே இல்லை. சருகு, சுள்ளி, ஆட்டுப் புழுக்கை எல்லாம் கலந்து நுரையோடு ஒரு பழுப்புக் கோடு, கணுக்கால் உயரத்தில், மெதுவாக நகர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் வந்ததுதான் ஆறு. நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையின் தலை மட்டும் தெரிந்தது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எங்கே உட்கார்ந்தாலும் தண்ணீர் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்துவிடுவேன். கல் நனைந்தால் பையை மாட்ட வேண்டியதுதான். தெளிவாக இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறினாலும், பச்சை இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், தூரத்தில் லாரி ஓடுகிற மாதிரி விடாமல் இரைச்சல் கேட்டாலும் யோசிக்கவே கூடாது. அப்போது கீழ்நோக்கி ஓடுவது வீண், தண்ணீர் உங்களைவிட வேகம். பக்கவாட்டில் மேலே ஏறுங்கள். எதிர்க்கரையில் வண்டி நிற்கிறதே என்று குறுக்கே இறங்க வேண்டாம். சின்னக் காட்டாறு பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும், வண்டி அங்கேயேதான் இருக்கும்.

ஆக, நடக்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் கரையேறும் வழியைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் பார்த்த வழியைவிட்டு கால் மணி நேரம் நடந்தும் அடுத்தது தென்படவில்லை என்றால் நான் திரும்பிவிடுவேன். கூட வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. காட்டிலிருந்து ஆற்றுக்குச் சரிவாக, சுலபமாக இறங்கும் வழி எதுவோ, யானையும் அதைத்தான் பிடித்து வைத்திருக்கும். நீங்கள் தப்பிக்கலாம் என்று குறித்த வழி யானைத்தடமாக இருக்கும். கோடையில் மேலே குட்டை வற்றியதும் கூட்டம் கூட்டமாகக் காவிரிக்கு இறங்கும். யானைச் சாணம் ஈரமாகப் பளபளப்பாக இருந்தால் அந்த வழியைவிட்டு விலகுங்கள். காலை எட்டுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் இடுக்குக்குள் இருக்காதீர்கள். திருப்பங்களில் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போங்கள், ஆள் வருவது தெரியட்டும். அதற்காக ஸ்பீக்கரில் பாட்டுப் போட வேண்டாம். செங்குத்துப் பாறையில் கறுப்பாகத் தொங்குவதெல்லாம் மலைத்தேன் கூடு. புகையும் சென்ட் வாசனையும் அதற்கு ஆகாது.

முதலை உண்டு. காவிரி அது வாழும் இடம். அருவியின் இரைச்சலுக்குப் பக்கத்தில் இருக்காது, அசையாமல் பச்சையாகக் கிடக்கும் மடுவிலும் மணல் திட்டிலும் இருக்கும். மடு ஓரத்தில் குந்தி முகம் கழுவுகிற பழக்கத்தை விடுங்கள்.

குளிக்கிற ஆசைக்கு ஒரு வார்த்தை. இந்தப் பாறைகளில் ஆட்டுக்கல் குழி மாதிரி உருண்டையாகக் குழிகள் இருக்கும். சுழலில் சிக்கிய கற்கள் குழவி போலச் சுற்றிச் சுற்றி அரைத்த குழி. மேலே முழங்கால் ஆழம் மாதிரித் தெரியும், அடுத்த அடி ஆள் உயரம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே பழமொழி இல்லை, நேர் அர்த்தம். நீச்சல் தெரிந்தவர்களும் ஒகேனக்கல்லில் உயிரை விட்டிருக்கிறார்கள்.

தண்ணீரைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் குறுகலான இடத்தில் கடக்காதீர்கள், அங்கேதான் ஆழமும் வேகமும். அகலமாக, கல் தெரியும்படி பரவி ஓடும் இடமாகப் பாருங்கள். தோளுயர மூங்கில் கழி ஒன்று வேண்டும். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கழியை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக நகருங்கள். கழியும் ஒரு காலும் பதிந்திருந்தால்தான் அடுத்த கால் எழ வேண்டும். பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பை போகட்டும். முழங்காலுக்கு மேல் வேகமான தண்ணீர் என்றால் திரும்புங்கள், ஏனென்றால் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. அடித்துச் சென்றுவிட்டால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், கல் இடுக்கில் கால் மாட்டும். மல்லாந்து, கால் முன்னே போகும்படி படுத்து, ஓரமாகக் கை வீசுங்கள்.

காலில் என்ன போடுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். விலை உயர்ந்த பூட்ஸ் தண்ணீர் குடித்தால் ஒவ்வொன்றும் ஒரு செங்கல். நல்ல ரப்பர் அடியுள்ள பழைய கேன்வாஸ் ஷூ போதும். காய்ந்த பாறையில் எல்லாம் பிடிக்கும். பாசி படிந்த பாறையில் எதுவும் பிடிக்காது, அங்கே உட்கார்ந்து நகருங்கள், வெட்கம் வேண்டாம். ஜீன்ஸ் வேண்டாம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாய், ஒரு விசில், டார்ச், பிளாஸ்டிக் கவரில் போன். வெயிலில் சுடும் பாறை இரண்டு பக்கமும் இருந்தால் காற்றே வராது, அடுப்புக்குள் நடக்கிற மாதிரி. அதனால்தான் ஜனவரி எனக்குப் பிடித்த மாதம். மழை ஓய்ந்திருக்கும், காட்டுத்தீ காலம் வந்திருக்காது.

உள்ளே சிக்னல் கிடையாது. எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு இறங்குங்கள். மேலே வந்ததும் முதல் மேட்டில் நின்று போன் போடுங்கள். சில சமயம் எதிர்க்கரை டவர் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் ஒரு பெண்குரல் ஏதோ சொல்லும். கட் செய்துவிட்டு நூறடி நடந்து மறுபடி அடித்தால் கிடைத்துவிடும்.